மூன்று சுண்ணாம்புப் பொட்டுகள்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே குருவைவிடச் சீடருக்கு இருபத்திரண்டு வயது கூடுதல். குருவின் பெயர் உலகம்மை, வயது முப்பத்தெட்டு. சீடர் ஆவுடையம்மாள். முப்பது வருஷம் போலீஸில் இருந்து, ஏட்டாக ஓய்வு பெற்று, ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர். குரு அவரை ‘அக்கா’ என்பார். அவர் குருவை ‘அம்மா’ என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் இது குழப்பம்.

ஓய்வு பெற்றது உத்தியோகம் மட்டும்தான். கண் இன்னும் டூட்டியில் இருந்தது.

பங்குனி மாதம். மடத்துக்குப் பின்னால் நிற்கும் வாகை மரம் தளிர் விட ஆரம்பித்திருந்தது. தளிர் மரத்துக்கு; சருகும் காய்ந்த நெற்றும் மடத்துக் கூரைக்கு. ஓடு தெரியாத அளவுக்குக் கொட்டிக் கிடந்தது. ஆனியில் சாரல் இறங்குவதற்குள் கூரையைக் கூட்டி, உடைந்த ஓடுகளை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சருகு ஊறி, தண்ணீர் பின்வாங்கி, உள்ளே ஒழுகும்.

இந்த வருஷம் ஏறுவதற்கு வெயிலுமுத்துவைச் சொல்லியிருந்தார் குரு.

“யாரை?” என்றார் ஆவுடையம்மாள்.

“வெயிலுமுத்துவை.”

“அம்மா, அவன் யாருன்னு தெரியுமா?”

“தெரியும். ஓடு பிரிச்சு இறங்குறவன்.”

“தெரிஞ்சுமா கூரைக்கு அனுப்புதீங்க?”

“ஓட்டு மேல நடக்கத் தெரிஞ்ச ஆள் வேற யார் இருக்கா?”

ஆறு மாதத்துக்கு முன் வெயிலுமுத்து மடத்துக்கு வந்த அன்றே அவனை ஆவுடையம்மாள் அடையாளம் கண்டுவிட்டார். அவனும் அவரைக் கண்டுவிட்டான். இருபது வருஷத்துக்கு முன்னால் அவனைப் பிடித்துக் கொண்டுபோனதே அவர்தான். ஒல்லி உடம்பு, பூனைக்கு இருப்பது போல் பாதம். எந்த வீட்டிலும் ஒரு ஓடுகூட உடையாமல் இறங்கி ஏறியிருக்கிறான். போகும்போது பிரித்த ஓடுகளைத் திரும்ப மூடிவிட்டுப் போவான். வீட்டுக்காரர்களுக்குக் களவு போனதே நாலு நாள் கழித்துத்தான் தெரியும்.

“ஏன்டா மூடினே?” என்று அப்போது ஸ்டேஷனில் கேட்டார்.

“மழைக்காலம்லா ஏட்டம்மா. உள்ள பச்சப்புள்ள தூங்குச்சு.”

அந்தப் பதிலை அவர் இன்றுவரை நம்பவில்லை. தடயத்தை மறைக்கத் திருடன் சொல்லும் சாக்கு என்றே வைத்திருந்தார்.

முதல் நாள் காலையில் வெயிலுமுத்து ஏணியைச் சாத்தினான். ஆவுடையம்மாள் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

“என்ன ஏட்டம்மா, காவலா?”

“காத்து வாங்குதேன்.”

“வாங்குங்க. நான் மேல இருந்து தள்ளி விடுதேன்.”

ஒரு கை சருகு அவர் தலையில் விழுந்தது. அவர் தட்டிவிட்டுக்கொண்டார். முக்காலியை நகர்த்தவில்லை.

அவன் நேராகப் போன இடம் அவர் எதிர்பார்த்த இடமே. பாதுகை அறைக்கு மேலே. மடத்தை உண்டாக்கிய அம்மையின் மரக்குறடுகள், வெள்ளித் தகடு பொதிந்தவை, ஒரு பெட்டியில் அந்த அறையில் இருந்தன. மடத்தில் விலை போகும் பொருள் என்றால் அது ஒன்றுதான். அறைச் சாவி ஆவுடையம்மாளின் இடுப்பில் இருந்தது.

அடுக்களைக் கூரை இருக்கிறது, வாசல் கூரை இருக்கிறது, சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு இவன் ஏன் முதலில் அங்கே போகிறான்?

இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் அவன் குந்தினான். கையால் சருகை விலக்கி, ஓடுகளை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்தான். மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தான். வெற்றிலை போடப் போகிறான் என்று நினைத்தார். போடவில்லை. விரலால் சுண்ணாம்பைத் தொட்டு ஓட்டில் ஒரு பொட்டு வைத்தான். தள்ளி இன்னொன்று. அப்புறம் ஒன்று.

மூன்று.

ஆவுடையம்மாளின் முதுகு நிமிர்ந்தது. அடையாளம் வைத்துவிட்டுப் போய், அப்புறம் வந்து பிரிக்கும் ஆட்களை அவர் பார்த்திருக்கிறார்.

மத்தியானம் இறங்கி வந்தவன், தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “ஏட்டம்மா, அந்த அறையில பெட்டி எந்த மூலையில இருக்கு?”

“எதுக்கு?”

“சும்மாத்தான்.”

“சும்மா கேக்குத கேள்வியா இது?”

“சரி, சொல்ல வேண்டாம்” என்று போய்விட்டான்.

ஆவுடையம்மாள் குருவின் முன்னால் போய் நின்றார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு கேள்வி. ஒருத்தனை எப்படி நம்புறது?”

“யாரை?”

“அவனைத்தான். மத்த இடத்தையெல்லாம் விட்டுட்டு நேரா பாதுகை அறைக்கு மேல போனான். மூணு ஓட்டுல சுண்ணாம்பு அடையாளம் வச்சான். இறங்கி வந்து, பெட்டி எந்த மூலையிலன்னு கேக்கான். நம்பணும், நம்பணும்னு எல்லாரும் சொல்லுதாங்க. நம்பினவன் வீட்டுலதான் களவு போகுது. முப்பது வருஷம் பாத்திருக்கேன். நம்பாதவன் கதவைப் பூட்டிட்டுத் தூங்குதான். எது தப்புன்னு சொல்லுங்க.”

“கதவைப் பூட்டுறது தப்பில்லை.”

“அப்ப அவனை வெளியில அனுப்புங்க. இல்லைன்னா நான் போறேன். பெட்டியைக் கட்டியாச்சு.”

குரு கீரைத் தண்டு ஒன்றை ஒடித்தார். “வெயிலுமுத்து!” என்று கூப்பிட்டார்.

அவன் வந்து நின்றான்.

“கூரை வேலை எப்ப முடியும்?”

“நாளை மறுநாள் சாயங்காலம், தாயி.”

“முடிஞ்சதும் அக்கா யாரைப் போகச் சொல்றாங்களோ, அவங்க போகணும். அக்கா வாக்குத்தான்.”

வெயிலுமுத்து ஆவுடையம்மாளைப் பார்த்தான். ஊரில் எங்கே களவு போனாலும் முதலில் அவனைத்தான் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். ஆறு மாதமாக யாரும் கூப்பிடவில்லை. மடத்து வாசல் வரை வந்தவர்களைக் குரு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த வாசலை விட்டு இறங்கினால் அவனுக்கு வேறு வாசல் இல்லை. இது ஆவுடையம்மாளுக்கும் தெரியும்.

“சரி தாயி” என்றான். கூரைக்குப் போய்ச் சருகு கூட்ட ஆரம்பித்தான்.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் ஆவுடையம்மாளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. நிரபராதி என்றால் கத்த வேண்டாமா?

இரண்டாம் நாள் அவன் அடுக்களைக் கூரையையும் கூடத்துக் கூரையையும் கூட்டினான். பாதுகை அறைச் சரிவை மட்டும் தொடவில்லை. ஏன் தொடவில்லை? கேட்டால், “அது கடைசி” என்றான். ஏன் கடைசி? “அங்க வேலை கூட.” என்ன வேலை? “ஓட்டு வேலை.”

சாப்பிட்டுவிட்டு அவன் வாகை மரத்தடியில் துண்டை விரித்துக் கண்ணை மூடினான். குரு உள்ளே இருந்தார். ஏணி பாதுகை அறைப் பக்கம் சாத்தியே இருந்தது.

ஆவுடையம்மாளுக்கு இடது மூட்டில் பத்து வருஷ வலி. ஆனாலும் அந்த மூன்று பொட்டுகளும் அவரை இழுத்தன. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்.

கூரை முழுக்கச் சருகு. காலை வைத்ததும் கரகரவென்று நொறுங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அதே சத்தம். காய்ந்த வாகை நெற்று காலடியில் ‘டப்’பென்று வெடித்தது. கீழே இருப்பவன் விழித்துக்கொள்ளக் கூடாதே என்பதுதான் அவர் பயம். வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து, வலதை ஊன்றி, இடதை இழுத்து, பள்ளம் வரை போய்விட்டார்.

மூன்று பொட்டு. மூன்று ஓடு. குனிந்து பார்த்தார். ஓட்டில் வேறொன்றும் தெரியவில்லை. சரியாகக் கீழே பெட்டி இருக்கும் இடம்தான். மனசுக்குள் அறையை வைத்து அளந்து பார்த்துவிட்டார். போதும். தடயம் கலையாமல், ஏறிய தடத்திலேயே கால் வைத்து இறங்கினார்.

வெயிலுமுத்து அசையாமல் கிடந்தான். தூங்குகிறானா, தூங்குகிற மாதிரி கிடக்கிறானா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தெரியவில்லை.

சாயங்காலம் குருவிடம் போய், “மூட்டுக்கு ஏதாச்சும் எண்ணெய் இருக்காம்மா?” என்றார்.

குரு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் அவன் பாதுகை அறைச் சரிவைக் கூட்ட ஏறினான். கீழிருந்து மேலாகக் கூட்டிக்கொண்டு போனவன், பாதியில் நின்றான். குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான். ஓரடி நகர்ந்தான். மறுபடி குனிந்தான்.

“அங்க என்னத்தப் பாக்கே?” என்று கீழிருந்து அதட்டினார் ஆவுடையம்மாள்.

“சருகு, ஏட்டம்மா.”

“சருகை இவ்வளவு நேரமா பாப்பாங்க?”

“இது கொஞ்சம் கனமான சருகு.”

உச்சி வெயிலில் குரு வந்தார். கையில் ஒரு பழைய விளக்குமாறு. அதைப் பிரித்து ஈர்க்குகளைத் தனித்தனியாக உருவி ஆவுடையம்மாளிடம் கொடுத்தார்.

“அக்கா, பாதுகை அறையைத் திறந்து உள்ளே போங்க. ஜன்னலைச் சாக்கு வச்சு அடைங்க. கதவைச் சாத்துங்க. இருட்டுல உக்காந்து மேலே பாருங்க. எங்கே வெளிச்சம் தெரியுதோ அங்கே ஈர்க்கைச் சொருகி மேலே விடுங்க.”

“எதுக்கும்மா?”

“மேலே இருக்கறவனுக்கு ஓட்டை தெரியாது. வெயில்ல எல்லா ஓடும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கீழே இருட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். ஈர்க்கு தலை நீட்டினா அவன் அந்த ஓட்டை மாத்துவான்.”

“வேற யாரையாச்சும் உக்காரச் சொல்லுங்களேன்.”

“சாவி உங்ககிட்டதானே இருக்கு.”

ஆவுடையம்மாள் உள்ளே போனார். சாக்கை அடைத்தார். கதவைச் சாத்தினார். மை இருட்டு. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண் பழகும்வரை காத்திருந்தார். தலைக்கு மேலே அவன் நடப்பது கேட்கிறதா என்று காதைத் தீட்டினார். கேட்கவில்லை. நடக்கிறானா நிற்கிறானா என்றே தெரியாத நடை.

பிறகு மேலே பார்த்தார்.

பள்ளத்தை ஒட்டி மூன்று கோடுகள் தெரிந்தன. மயிரிழை மாதிரி மெல்லிய வெளிச்சம். எண்ணிப் பார்த்தார். மூன்றுதான். அவன் பொட்டு வைத்த அதே இடங்கள். வெளியே நின்று பார்த்தால் தெரியாத விரிசல்கள். தட்டிப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறான்.

ஆனால் அது அல்ல, அவரை ஸ்டூலிலிருந்து எழுப்பியது.

கூரை விளிம்பான இறவாணத்திலிருந்து பள்ளம் வரைக்கும் இன்னொரு வரிசை இருந்தது. இவை மயிரிழை அல்ல. ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளிச்சம். ஒன்று வட்டமாக, அடுத்தது இழுத்த மாதிரி நீளமாக. மறுபடி வட்டம், மறுபடி நீளம். சரியாக ஒரு காலடி விட்டு ஒரு காலடி.

முப்பது வருஷம் தடம் பார்த்த கண். பார்க்காதே என்று சொன்னாலும் அது பார்க்கும். கனமான ஆள். ஏறி, அதே தடத்தில் இறங்கிய ஆள். இடது காலை இழுத்து நடக்கிற ஆள்.

எண்ணினார். பதினொன்று.

அன்றைக்கு நொறுங்கியது அத்தனையும் சருகு இல்லை.

“ஏட்டம்மா, ஈர்க்கு விடுங்க” என்று மேலே இருந்து குரல் வந்தது.

அவர் கை நகரவில்லை.

“தூங்கிட்டீங்களா?”

ஒரு நீளமான ஓட்டை வழியாக ஈர்க்கை விட்டார். மேலே அது பிடிபட்டது. முற்றத்தில் நின்ற குரு கேட்பது உள்ளே இருந்தவருக்கும் கேட்டது: “எத்தனை உடைஞ்சிருக்கு?”

“பழசு மூணு, தாயி. புதுசு பதினொண்ணு.”

“பதினொண்ணா? எப்படி?”

ஆவுடையம்மாள் இருட்டில் ஈர்க்குக் கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. ‘ஏட்டம்மா’ என்று சொன்னால் அவன் இடம் அவனுக்கு. அவன் இடத்தில் அவர் இருந்தால் சொல்லியிருப்பார்.

“குரங்கு, தாயி” என்றான் வெயிலுமுத்து.

பிறகு அவன் குனிந்திருக்க வேண்டும். அந்த ஓட்டையில் வெளிச்சம் மறைந்து, ஒரு கண் தெரிந்தது. குரல் தாழ்ந்து உள்ளே இறங்கியது.

“வயசான குரங்கு போல, ஏட்டம்மா. இடது காலை இழுத்து இழுத்து வச்சிருக்கு.”

அவர் இடது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஓட்டுக்கு நடுவுல மிதிச்சா உடையத்தான் செய்யும். ரெண்டு ஓடு சேருத இடத்துல, கீழ ரீப்பர் கட்டை இருக்கும், அதுமேல கால் வைக்கணும். குரங்குக்கு யாரு சொல்லிக்குடுக்க?”

அவன் ஓட்டைத் தூக்கினான். அத்தனை வருஷப் புழுதியும் ஒட்டடையும் ஓட்டுச் சில்லும் கொத்தாக விழுந்தன. பாதி ஆவுடையம்மாளின் தலையில், பாதி பாதுகைப் பெட்டியின் மேல்.

“பெட்டி எந்த மூலைன்னு அன்னைக்கே கேட்டேன். சொன்னீங்களா? ஒரு போர்வையைப் போட்டு மூடியிருக்கலாம்லா?”

ஆவுடையம்மாள் முந்தானையால் பெட்டியைத் துடைத்தார். அப்புறம் அடுத்த ஈர்க்கை எடுத்தார். அன்று மத்தியானம் முழுக்க அவர் ஈர்க்கு விட்டார். அவன் ஓடு மாற்றினான். கடைசி ஓடு விழுந்ததும் அறை முழுசாக இருண்டது.

வெயில் தாழ்ந்தபோது மூவரும் அந்த அறையிலேயே நின்றார்கள். சாக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். வெயிலுமுத்து குளித்துவிட்டு வந்திருந்தான். அவன் கக்கத்தில் ஒரு துணி மூட்டை இருந்தது. கேட்காமலே கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வாசலில் ஆவுடையம்மாளின் தகரப் பெட்டி இருந்தது.

“கூரை வேலை முடிஞ்சுது” என்றார் குரு. “சொல்லுங்கக்கா. யார் போகணும்?”

“மேல ஏறினது நான்” என்றார் ஆவுடையம்மாள்.

“தெரியும்.”

“அவன் சொன்னானா?”

“நீங்க எண்ணெய் கேட்டீங்க. இந்த ரெண்டு வருஷத்துல ஒருநாளும் கேட்டதில்லை.”

ஆவுடையம்மாள் வெயிலுமுத்துவின் பக்கம் திரும்பினார். “நீ ஏன் பொய் சொன்னே?”

“சொல்லிப் பழகின வாய், ஏட்டம்மா. ஆறு மாசமா சும்மா கிடந்துச்சு.”

“இதுக்காக நான் உன்னை நம்பிட்டேன்னு நினைச்சுக்காதே. பதினொரு ஓட்டை நான் உடைச்சேன். அது உண்மை. நீ எத்தனை வீட்டுல இறங்கினே? அதுவும் உண்மை. இதை வச்சு அதை அழிக்க முடியாது.”

“முடியாதுதான்.”

“தலையாட்டாதே. தலையாட்டுறவன்மேல எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி.”

அவன் தலையாட்டுவதை நிறுத்தினான். மூட்டையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, சொல்லுக்குக் காத்து நின்றான்.

ஆவுடையம்மாள் மூட்டையைப் பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பழைய ஓடுகள் கறுத்திருந்தன. நடுவே பதினான்கு புது ஓடுகள் சிவந்திருந்தன. அதில் எது அவன் பொட்டு வைத்தது, எது அவர் மிதித்தது என்று இங்கிருந்து பார்த்தால் சொல்ல முடியாது.

“மூட்டையை உள்ள வை” என்றார்.

வெயிலுமுத்து நகரவில்லை. சரியாகக் காதில் விழுந்ததா என்று அவனுக்கே சந்தேகம்.

“வைன்னு சொல்லுதேன்லா!”

அவன் போனான். இந்த முறை அவன் நடப்பது கேட்டது.

ஆவுடையம்மாள் குருவின் பக்கம் திரும்பினார். “அம்மா, அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேன். நீங்க பதில் சொல்லவே இல்லை.”

“கேளுங்க.”

“இவன் திருந்திட்டான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமலா கூரையை அவன் கையில குடுத்தீங்க?”

குரு வரும்போதே கொண்டுவந்து மூலையில் வைத்திருந்த தன் பாயை எடுத்தார். புது ஓடுகளுக்கு நேர் கீழே விரித்தார். அதில் உட்கார்ந்து, ஒரு தடவை மேலே பார்த்தார்.

“இங்கேயா படுக்கப் போறீங்க? ஆனி வரைக்கும் ஒண்ணும் தெரியாது. சாரல் வந்து, உங்க தலை மேலேயே ஒழுகினா? அப்ப என்ன செய்வீங்க?”

ஜன்னல் திட்டில் மிச்சமிருந்த ஈர்க்குகளைக் குரு எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

“ஈர்க்கு விடுவேன்” என்றார்.